விரல்களுக்கு மறுபடியும் அரிச்சுவடி

உங்கள் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் கொஞ்சம் பாருங்கள். இந்த இரண்டும் ஒன்றையொன்று தொடாவிட்டால் ஒரு தீக்குச்சியைக்கூட எடுக்க முடியாது!

விருதுநகர் மாவட்டத்துக்காரர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். அதிலிருந்தே சிவகாசி வட்டாரம் விரல் நுனியில்தான் பிழைக்கிறது. குழாய் சுற்றுவது, மருந்து செலுத்துவது, திரி வைப்பது, சரம் பின்னுவது... எல்லாமே விரல் வேலை. விபத்தில் உயிர் தப்பினாலும், வெந்த கை ஆறும்போது தோல் இறுகி விரல்கள் மடங்கிக்கொண்டால்? ஆள் இருக்கிறார், பிழைப்பு போய்விடுகிறது.

முடங்கிய கையை மறுபடி வேலைக்குக் கொண்டுவர முடியுமா? முடியும் என்று உலகத்துக்குக் காட்டிய ஊர்களில் ஒன்று, நம்ம வேலூர். அங்கே கதை தொடங்கியது தீக்காயத்தில் அல்ல, தொழுநோயில்.

பால் பிராண்ட், 1914-ல் கொல்லிமலையில் பிறந்தவர். பெற்றோர் அங்கே ஊழியம் செய்த மிஷனரிகள். டாக்டருக்குப் படிக்கும் முன்பே இங்கிலாந்தில் தச்சு வேலையும் கட்டட வேலையும் பழகியவர். 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு சர்ஜனாக வந்தார். அடுத்த வருடம் செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனைக்குப் போனவர், விரல்கள் வளைந்து முடங்கிய ஒரு நோயாளியிடம் தன் கையைப் பிடித்து அழுத்தச் சொன்னார். அவ்வளவுதான்... வலியில் துடித்துவிட்டார். இரும்புப் பிடி!

அங்கேதான் பொறி தட்டியது. கை முழுவதும் செத்துவிடவில்லை. உள்ளங்கையின் சின்னத் தசைகள்தான் செயலிழந்திருக்கின்றன; முன்கையின் பெரிய தசைகள் திடமாக இருக்கின்றன. பலமான இடத்திலிருந்து ஒரு தசைநாணை எடுத்து, பலமில்லாத வேலைக்கு மாற்றிக் கட்டினால்? போலியோவுக்கும் நரம்புக் காயத்துக்கும் முன்பே செய்துவந்த வித்தைதான். தொழுநோயாளிகளின் கையில் அதை முறையாகச் செய்து காட்டிய முன்னோடி, பிராண்ட்.

ஆபரேஷன் பாதிதான். சுமார் மூன்று வாரம் மாவுக்கட்டு. அதைப் பிரித்த பிறகுதான் நிஜமான வேலை ஆரம்பம். நாண் வேறு வேலைக்கு மாற்றப்பட்ட விஷயம் மூளைக்குத் தெரியாதே! நோயாளி பழைய அசைவை மனதில் நினைத்து முயல்வார். புதிய அசைவு நடக்கும். முதலில் சில தடவைதான். விரல்களை நேராக நீட்டியபடி அடிக்கணுவில் மட்டும் மடக்க வேண்டும். பிறகு கட்டைவிரலால் மற்ற விரல் நுனிகளைத் தொட வேண்டும். அப்புறம், சின்னப் பொருளைக் கிள்ளி எடுக்க வேண்டும். குழந்தைக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுப்பது மாதிரிதான். அவசரப்பட்டால் கட்டிய நாண் பிய்ந்துபோகும், தள்ளிப்போட்டால் ஒட்டிக்கொள்ளும்.

இதில் ஒரு வேடிக்கை... இல்லை, வேதனை. கை சரியான சிலர் திரும்பி வந்து புலம்பினார்கள். விரல் நிமிர்ந்ததும் பிச்சை விழுவது குறைந்துவிட்டதாம்! வேலை கொடுக்கவோ யாரும் தயாரில்லை. அதற்காகவே கல்லூரி வளாகத்தில் ‘நவஜீவ நிலையம்’ பிறந்தது. அங்கே தச்சு கற்றார்கள், மர பொம்மைகள் செய்தார்கள். கைக்குப் பயிற்சி, வயிற்றுக்குத் தொழில். உணர்ச்சியற்ற விரல்களைக் காயப்படாமல் காப்பதும் அந்தப் பாடத்தில் சேர்த்தி.

இப்போது சிவகாசிக்குத் திரும்புவோம். தீக்காயக் கைக்குச் சிகிச்சை வேறு, நீதி ஒன்றுதான். கையை மடக்கி வைத்தால் சுகமாக இருக்கும். ஆனால், சுகமாக இருக்கிற அந்த நிலையிலேயேதான் கை இறுகிப்போகும்! அதனால்தான் சிம்பு வைத்துக் கட்டுகிறார்கள். டாக்டர் சொன்ன நாளிலிருந்தே, வலியோடு வலியாக, விரல்களை விரிக்கவும் மூடவும் சொல்கிறார்கள். புண் ஆறிவிட்டதே என்று நிறுத்திவிடக் கூடாது. தழும்பு அதற்குப் பிறகும் மாதக்கணக்கில் இறுகிக்கொண்டே இருக்கும்.

மாதக்கணக்கில் பயிற்சிக்கு வருவதென்றால் பஸ் காசு யார் தருவது? அன்றன்றைய கூலி? நஷ்டஈட்டுச் செக்கோடு கணக்கு முடிந்துவிடுகிறதா என்ன! ஆபரேஷனோடு தன் வேலை முடிந்ததென்று பிராண்ட் நினைக்கவில்லை. அந்தக் கை சம்பாதிக்கும்வரை கூடவே போனார்.

அடுத்த தீபாவளிக்குத் திரியைக் கிள்ளும்போது, அதை வைத்த விரல்களையும் ஒரு விநாடி நினைத்துக்கொள்ளுங்கள்.