பட்டனை அழுத்தினால் ‘டக் டக்’ சத்தம் மட்டும்தானா? கேஸ் கிரில்லை கையால் பற்ற வைக்கும் முன் இதைப் படிங்க

மசாலா தடவிய சிக்கன் ரெடி. விருந்தாளிகளும் வந்தாச்சு. ஆனால் கேஸ் கிரில் மட்டும் பற்ற மாட்டேன் என்கிறது. பட்டனை அழுத்தினால் ‘டக் டக்’ என்று சத்தம் வருகிறது, தீ வரவில்லை. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியாவில் வீட்டுக்குப் பின்னால் கிரில் வைத்திருக்கும் பலருக்கும் இது பழகிய தலைவலிதான். உடனே தீப்பெட்டியைத் தேடுவார்கள். அதில் தப்பில்லை. பட்டன் வேலை செய்யாதபோது கையால் பற்ற வைப்பதற்கென்றே பல கிரில்களில் தனியாக ஓட்டை விட்டிருப்பார்கள். எந்த வரிசையில் பற்ற வைக்கிறோம் என்பதில்தான் ஆபத்து இருக்கிறது.

அமெரிக்காவில் கிரில் சார்ந்த தீ விபத்துகள் அதிகம் நடப்பது ஜூலை மாதத்தில் என்கிறது என்எஃப்பிஏ எனப்படும் அந்நாட்டின் தேசிய தீப் பாதுகாப்புச் சங்கம். கோடை விடுமுறையில் வீட்டுக்கு வீடு கிரில் எரியும் மாதம் அது.

பட்டன் ஏன் வேலை செய்யவில்லை?

பெரும்பாலும் காரணம் ரொம்பச் சின்னதாக இருக்கும். பல கிரில்களில் பட்டனுக்குப் பின்னால் ஒரு ஏஏ பேட்டரி இருக்கும். அதை வாங்கிய நாளில் போட்டதோடு சரி, பிறகு யாரும் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். பேட்டரி இல்லாத வகையில், நம்ம சமையலறை கேஸ் லைட்டர் மாதிரியே, ஒரு படிகத்தை அடித்து மின்பொறி உண்டாக்கும் ‘பீசோ’ முறை இருக்கும். இரண்டிலுமே பொறி கிளம்பும் முனையில் எண்ணெய்ப் பிசுக்கும் கரியும் படிந்தால் கதை முடிந்தது. முனையைத் துடைத்து, பேட்டரியை மாற்றினாலே பல நேரம் தீப்பெட்டிக்கு வேலை இருக்காது.

பொறி நன்றாக வந்தும் பற்றவில்லை என்றால் கேஸ் வருகிறதா என்று பார்க்க வேண்டும். இங்கே பலரும் குழம்பும் விஷயம் ஒன்று உண்டு. அமெரிக்காவில் விற்கும் புரொப்பேன் சிலிண்டர் இணைப்புகளில், கேஸ் திடீரென வேகமாகப் பாய்ந்தால் ஓட்டத்தைக் குறைத்துவிடும் பாதுகாப்பு அமைப்பு இருக்கும். பர்னர் நாபைத் திறந்து வைத்துவிட்டு அப்புறம் சிலிண்டர் வால்வைத் திறந்தால், அந்த அமைப்பு அதைக் கசிவு என்று நினைத்துக்கொள்ளும். கேஸ் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். எல்லாவற்றையும் மூடிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து, நாப்கள் மூடியிருக்கும்போதே வால்வை மெதுவாகத் திறந்தால் சரியாகிவிடும்.

‘குப்’பென்று ஏன் வெடிக்கிறது?

சிலிண்டரில் வரும் கேஸ் காற்றைவிடக் கனமானது. புரொப்பேன் சுமார் ஒன்றரை மடங்கு, பியூட்டேன் சுமார் இரண்டு மடங்கு. அதனால் அது மேலே பறந்து போகாது, பள்ளத்தில் தண்ணீர் தேங்குவது போல கிரில் பெட்டிக்குள் தங்கும். காற்றில் சுமார் 2 சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கும் நிலை வந்துவிடும்.

ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 3 கிலோவாட் சக்தி கொண்ட ஒரு பர்னரைத் திறந்தால் நொடிக்குச் சுமார் 30 மில்லிலிட்டர் கேஸ் வெளியேறும். மூன்று பர்னர் என்றால் நொடிக்கு 90 மில்லி. மூடிய கிரில்லின் உள்ளே 100 லிட்டர் இடம் இருந்தால், 2 சதவீதத்தைத் தொட 20 நொடி சொச்சம் போதும். ‘தீப்பெட்டி எங்கே?’ என்று சமையலறைக்குப் போய்த் திரும்பும் நேரம் அதைவிட அதிகம். கேஸ் ஒரே சீராகப் பரவாது என்பதால், அடியில் அதற்கு முன்பே கலவை தயாராகியிருக்கும். குனிந்து பார்த்துக்கொண்டே தீக்குச்சியை நீட்டுபவரின் புருவமும் முன்கை முடியும் கருகுவது இப்படித்தான். சிலருக்கு முகமே வெந்துபோகும்.

சரி, எப்படிப் பற்ற வைப்பது?

முதல் வேலை, மூடியைத் திறப்பது. மூடி திறக்காமல் எந்த நாபையும் தொடவே கூடாது. அடுத்து எல்லா நாப்களும் மூடியிருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, சிலிண்டர் வால்வை மெதுவாகத் திறக்க வேண்டும்.

இனிமேல்தான் முக்கியமான கட்டம்: முதலில் நெருப்பு, பிறகு கேஸ். நீளமான தீக்குச்சியையோ நீண்ட கழுத்துள்ள லைட்டரையோ பற்ற வைத்து, பக்கவாட்டு ஓட்டை வழியாக பர்னருக்குப் பக்கத்தில் கொண்டுபோன பிறகே அந்த பர்னரின் நாபைத் திருப்ப வேண்டும். சில கிரில்களில் சங்கிலியில் தொங்கும் ஒரு கம்பி இருக்கும். எதற்கு என்று தெரியாமல் பலர் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். தீக்குச்சியைச் சொருகிப் பிடிக்கத்தான் அது. சாதாரணக் குட்டித் தீக்குச்சியை விரலில் பிடித்து உள்ளே கையை விடுவது வேண்டவே வேண்டாம். முகம் கிரில்லுக்கு நேர் மேலே இருக்கக் கூடாது, உடம்பு ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்க வேண்டும். தொங்கும் துப்பட்டா, அகலமான நைலான் சட்டைக் கை, இதெல்லாம் அன்றைக்கு வேண்டாமே.

ஒரே ஒரு பர்னரைத்தான் முதலில் பற்ற வைக்க வேண்டும். அது நன்றாக எரிந்த பிறகு, அதற்குப் பக்கத்தில் இருப்பதைத் திறக்கலாம்.

சுமார் 5 நொடிக்குள் பற்றவில்லையா? நாபை மூடுங்கள். மூடியைத் திறந்தே வைத்து 5 நிமிடம் காத்திருங்கள். பல நிறுவனங்களின் கையேடுகளில் சொல்லப்படும் கணக்கு இது. ‘இன்னொரு தடவை பார்ப்போம்’ என்று உடனே அடுத்த குச்சியைக் கிழிப்பதுதான் மிகப் பெரிய தவறு. காற்று அடித்து எரிந்துகொண்டிருந்த தீ அணைந்தாலும் இதே விதிதான்.

சிலந்தியும் ஒரு வில்லன்

மாதக்கணக்கில் சும்மா கிடந்த கிரில் என்றால் பர்னர் குழாய்க்குள் சிலந்தி வலை இருக்க வாய்ப்பு அதிகம். வலை அடைத்தால் கேஸ் முன்னால் போகாமல் பின்பக்கம் வழிந்து, நாப்களுக்கு அடியில் தீப்பிடிக்கும். சிலந்தி விஷயத்தைச் சிரித்து ஒதுக்கிவிட முடியாது. எரிபொருள் டேங்க்கின் காற்றுக் குழாயில் சிலந்தி கூடு கட்டியதால் மஸ்டா நிறுவனம் 2011-ல் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான கார்களையே திரும்ப அழைத்தது. கிரில் குழாய்க்கு ஒரு மெல்லிய பிரஷ் போதும். நாப் பக்கம் தீ தெரிந்தால் நாபோடு போராட வேண்டாம், எட்ட முடிந்தால் சிலிண்டர் வால்வை மூடிவிட வேண்டும். எட்ட முடியாத அளவுக்குத் தீ என்றால் விலகி நின்று தீயணைப்புத் துறையைக் கூப்பிட வேண்டும்.

சிலிண்டர் மாற்றும்போதெல்லாம் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்ப்பது நல்லது. குமிழி கிளம்பினால் கசிவு. மூக்கை மட்டும் நம்ப முடியாது. கேஸுக்குச் சொந்த வாசனை கிடையாது, நமக்குத் தெரியும் அந்த நாற்றம் எத்தில் மெர்காப்டன் என்ற வேதிப்பொருளைச் சேர்ப்பதால் வருவது. சளி பிடித்தவருக்கோ, வாசனை உணர்வு குறைந்தவருக்கோ அது எட்டாமலே போகலாம்.

சென்னை, கோவை மொட்டை மாடிகளிலும் இப்போது கேஸ் கிரில் எட்டிப் பார்க்கத் தொடங்கியிருக்கிறது. மழை வந்ததும் எரியும் கிரில்லை ஹாலுக்கோ மூடிய பால்கனிக்கோ இழுத்து வந்துவிடக் கூடாது. கதவு ஜன்னல் சாத்திய இடத்தில் கார்பன் மோனாக்சைடு சேரும், அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. வேலை முடிந்ததும் நாப்களோடு சிலிண்டர் வால்வையும் மூட வேண்டும். இந்தியாவில் எல்பிஜி கசிவு என்றால் 1906 என்ற அவசர உதவி எண்ணை 24 மணி நேரமும் அழைக்கலாம். ஆனால் சிலிண்டர் பக்கத்தில் நின்றுகொண்டு போனை எடுக்காமல், எல்லோரையும் வெளியே அழைத்துப் போன பிறகு பேசுங்கள்.