பொதுப் பாடசாலையும் இசைக்கல்வியும்: லோவெல் மேசனின் பணி பற்றிய ஒரு நோக்கு

இசை குரல்வளம் வாய்க்கப்பெற்ற சிலருக்கு மட்டும் உரியதா, அன்றி எண்ணும் எழுத்தும் போன்று எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியதா? இவ்வினாவுக்குப் பொதுப்பணத்தின் துணைகொண்டு விடைகாண முயன்ற நகரங்களுள் பொஸ்ரன் குறிப்பிடத்தக்கது. 1838ஆம் ஆண்டு ஆகஸ்ட் 28ஆம் நாள் அந்நகரப் பாடசாலைக்குழு இசையைப் பொதுப் பாடசாலைகளின் பாடங்களுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. அத்தீர்மானத்துக்காக உழைத்தவர்களுள் முதன்மையானவர் லோவெல் மேசன்.

1792இல் மாசாசூசெற்ஸ் மாநிலத்தின் மெட்பீல்ட் என்னும் ஊரிற் பிறந்த மேசன், 1812இல் ஜோர்ஜியாவின் சவானா நகரை அடைந்தார். அங்கு வங்கி இலிகிதராகப் பணிபுரிந்தவாறே தேவாலயத்தில் இசைப்பணியும் ஆற்றினார். 1822இல் அவர் தொகுத்த தேவாலய இசைநூல் பொஸ்ரன் நகரின் ஹன்டெல்-ஹெய்டன் சங்கத்தின் பெயரால் வெளிவந்தது. ஆயினும் நூலின் முகப்பில் அவர் பெயர் பொறிக்கப்படவில்லை. வங்கித்தொழிலே சமூக மதிப்புத் தருவதென்றும், இசைஞன் எனப்படுவது அம்மதிப்புக்கு ஊறு விளைக்கும் என்றும் கருதப்பட்ட காலம் அது. றெஜினால்ட் ஹீபர் 1819இல் இயற்றிய, இலங்கையின் பெயரையும் சுட்டும் மிசனரிக் கீதத்துக்கு மெட்டமைத்தவரும் இவரே.

1827இல் பொஸ்ரனுக்குக் குடிபெயர்ந்த மேசன், 1833இல் ஜோர்ஜ் ஜேம்ஸ் வெப் முதலியோருடன் இணைந்து பொஸ்ரன் இசைக்கழகத்தை நிறுவினார். சுவிற்சலாந்துக் கல்வியாளர் பெஸ்தலோசியின் கொள்கைகளை இசைக்குப் பொருத்துவதே அவரது கற்பித்தல் முறையாயிற்று. குறியீட்டுக்கு முன் ஒலி, விதிக்கு முன் பயிற்சி, ஒருவேளையில் ஒரு கூறு என்பன அதன் அடிப்படைகள். 1834இல் வெளிவந்த அவரது கைந்நூல் பெரும்பாலும் கியூப்ளரின் ஜேர்மன் நூலைத் தழுவியது எனப் பிற்கால ஆய்வாளர் காட்டியுள்ளனர். எனவே மேசனின் சிறப்பை அவர் கொள்கைகளின் புதுமையிற் காணல் பொருந்தாது. அவற்றை வகுப்பறையில் நடைமுறைப்படுத்திய ஆற்றலிலேயே காணல் வேண்டும்.

1837இல் பாடசாலைக்குழுவின் அறிக்கையொன்று இசைக்கல்வியை அறிவு, ஒழுக்கம், உடல்நலம் என்னும் மூன்று அளவைகளால் நோக்கி, அதனை ஏற்கத்தக்கதெனப் பரிந்துரைத்தது. ஆனால் நகரசபை நிதி வழங்க மறுத்தது. இந்நிலையில் மேசன் தென்பொஸ்ரனின் ஹோஸ் பாடசாலையில் ஓராண்டு ஊதியமின்றிக் கற்பித்தார். 1838 ஆகஸ்ட் மாதத்தில் அம்மாணவர் பொதுமக்கள் முன்னிலையிற் பாடினர். இரு வாரங்களின் பின்னர் மேற்கூறிய தீர்மானம் நிறைவேறியது. அறிக்கை கூறியதைப் பிள்ளைகளின் குரல் மெய்ப்பித்தது எனலாம்.

இதன்பின் மேசன் நகரப் பாடசாலைகளின் இசைக்கல்விக்குப் பொறுப்பாளராகி, உதவி ஆசிரியர்களைக் கொண்டு அதனை நிருவகித்தார். எனினும் 1845இல் அவர் அப்பொறுப்பிலிருந்து அகற்றப்பட்டு, முன்னர் அவரின்கீழ்ப் பணியாற்றிய ஒருவர் நியமிக்கப்பட்டார். ஆயினும் பாடம் நிலைத்தது. தனியொருவரின் செல்வாக்கால் நுழைந்த ஒன்று அவர் நீங்கிய பின்னரும் நிலைபெறுமாயின், அதுவே நிருவாகியின் வெற்றியாகும். மேசனோ ஹொரஸ் மான் ஒழுங்குசெய்த ஆசிரியர் பயிற்சி அமர்வுகளிற் கற்பித்து, தம் முறையை நகரெல்லைக்கு அப்பாலும் பரப்பினார். 1855இல் நியூயோர்க் பல்கலைக்கழகம் அவருக்கு இசைக் கலாநிதிப் பட்டம் வழங்கியது. 1872இல் அவர் மறைந்தபின் அவரது நூற்றொகுதி யேல் பல்கலைக்கழகத்தைச் சென்றடைந்தது.

அவர் பணியின் மறுபக்கமும் நோக்கற்பாலது. ஐரோப்பிய இசையிலக்கணத்தையே அறிவியல்சார்ந்த நெறியாகக் கொண்டமையால், வில்லியம் பில்லிங்ஸ் போன்ற நியூ இங்கிலாந்து இசையாளரின் கரடுமுரடான, ஆயினும் உயிர்ப்புமிக்க மரபு நகரங்களிற் புறந்தள்ளப்பட்டது. அம்மரபு தென்மாநிலக் கிராமங்களிலேயே தொடர்ந்து பேணப்பட்டது. எல்லாப் பிள்ளைகளுக்கும் இசையைத் திறந்துவிட்ட அதே கரங்கள், எது இசை என்பதன் எல்லையைக் குறுக்கவும் செய்தன.

கலையைப் பாடவிதானத்திற் சேர்ப்போர் இரு வினாக்களை எதிர்கொள்ள வேண்டியவராவர்: யாருக்குக் கற்பிப்பது? எவருடைய கலையைக் கற்பிப்பது? மேசன் முதல் வினாவுக்குத் துணிவுடன் விடையளித்தார். இரண்டாவதனை அவர் வினாவாகவே கருதவில்லை. அவரது சாதனையையும் அதன் குறைபாட்டையும் ஒருங்கே விளக்குவது இதுவேயாகும்.