நைஸ்

இன்று ஒருவரை 'நைஸ்' என்றால் மகிழ்வார். எழுநூறு ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் அப்படி அழைத்திருந்தால் சண்டைக்கு வந்திருப்பார். அன்று அதன் பொருள் முட்டாள்.

வேர் லத்தீனில் இருக்கிறது. 'நெ' என்றால் இல்லை, 'ஸ்கீரே' என்றால் அறிதல். இரண்டும் கூடிப் பிறந்த 'நெஸ்கியஸ்' அறியாதவனைக் குறித்தது. 'சயின்ஸ்' என்ற சொல்லும் இதே 'ஸ்கீரே'யிலிருந்து வந்ததுதான்! அறிவியலும் அறியாமையும் ஒரே வேரில் கிளைத்தவை என்பது என்னை இன்றும் வியக்க வைக்கிறது. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் நுழைந்த சொல், அசட்டுத்தனத்திலிருந்து கூச்சத்துக்கும், எதிலும் குறைகாணும் கறார்த்தனத்துக்கும், அங்கிருந்து நுட்பத்துக்கும் நகர்ந்தது. 'இனிய' என்ற பொருள் 18ஆம் நூற்றாண்டில்தான் நிலைத்தது. 1817 இறுதியில் வெளிவந்த 'நார்த்தாங்கர் அபி' நாவலில், எதற்கெடுத்தாலும் இந்தச் சொல்லைப் போடும் வழக்கத்தை ஜேன் ஆஸ்டின் தம் பாத்திரம் ஒன்றின் வாயிலாகக் கேலி செய்கிறார்.

நம் வீடுகளிலோ 'மாவை நைஸா அரை' என்கிறோம். அங்கே அது இனிமையைக் குறிக்கவில்லை. மென்மையை, நுண்மையைக் குறிக்கிறது. கண்ணில் படாமல் 'நைசாக நழுவுவது' இன்னும் ஒரு படி மேல். இன்றைய ஆங்கிலத்தில், நுட்பமான வேறுபாட்டைச் சுட்டுவது போன்ற சில இடங்களில் மட்டுமே ஒதுங்கிவிட்ட பழைய பொருளுக்கு, நம் சமையலறைப் பேச்சே நெருக்கமாக நிற்கிறது. இதைக் கொச்சை என்று ஒதுக்காமல் தமிழ் அகராதிகள் இந்தப் பொருள்களோடு பதிவு செய்ய வேண்டும்.