மனுவில் இல்லாத பெயர்

லாரி டிரைவர் ஒருவர் விபத்தில் இறந்துபோனால், நஷ்டஈட்டு வழக்கில் பெரும்பாலும் அவருடைய மனைவிதான் முதல் மனுதாரர். அதே டிரைவர் உயிர் பிழைத்து, இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் வீடு வந்து சேர்ந்தால் மனைவியின் பெயர் மனுவில் இருக்காது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 166ஆவது பிரிவு அப்படித்தான் வகுத்திருக்கிறது. காயம்பட்டவர் மனுச் செய்யலாம். அவர் இறந்தால் சட்டப் பிரதிநிதிகள் மனுச் செய்யலாம். படுக்கைப் புண் வராமல் அவரை இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்க வைக்கிறவருக்கு அங்கே இடமில்லை.

புதுக்கோட்டை வானம் பார்த்த பூமி. மழை பொய்த்த வருஷங்களில் ஆண்கள் ஸ்டியரிங் பிடிக்கப் போனார்கள். ஜல்லி, கருங்கல், தைலமரக் கட்டை, ஆலங்குடிப் பலாப்பழம் என்று இங்கிருந்து ஏறும் லோடுக்குக் குறைவில்லை. வண்டிக்காரர்களில் பலர் ஒன்றிரண்டு லாரி வைத்திருப்பவர்கள், அதையும் கடனில் வாங்கியவர்கள். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961இல் வந்தது. நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வேலையை வரையறுத்தது. ஆனால் ஐந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்களுக்குத்தான் அது பொருந்தியது. ஒரு டிரைவரும் ஒரு கிளீனரும் உள்ள ஒற்றை லாரி அந்தக் கணக்கில் வரவில்லை. தூக்கமில்லாமல் ஓட்டுவதைத் தடுக்க வந்த சட்டம் தூக்கம் கெட்டவர்களில் பெரும்பகுதியை வெளியே நிறுத்திவிட்டது என்றுதான் எனக்குப் படுகிறது.

விபத்துக்குப் பிந்திய சட்டங்கள் இதைவிடப் பழையவை. 1855இன் உயிரிழப்பு விபத்துச் சட்டம் மனைவி, கணவன், பெற்றோர், பிள்ளைகளுக்காக வழக்குத் தொடர வழிசெய்தது. ஒரு மனிதர் செத்தால் யாருக்கு எவ்வளவு வருமானம் போயிற்று என்பதே அதன் கேள்வி. அடுத்து வந்தது 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம். 1924 ஜூலை 1 அன்று அது அமலுக்கு வந்தபோது பிரிட்டிஷ் இந்தியாவின் சட்டமாகத்தான் இருந்தது. புதுக்கோட்டை அப்போது தொண்டைமான் சமஸ்தானம். 1948 மார்ச் 3 அன்று இந்தியாவோடு இணைந்து திருச்சி மாவட்டத்தில் சேர்ந்தது. 1974 ஜனவரி 14இல்தான் தனி மாவட்டமானது.

அந்த 1923 சட்டத்தின் 8ஆவது பிரிவைப் பெண்கள் ஒருமுறையாவது படித்துப் பார்க்க வேண்டும். மரணத்துக்கான இழப்பீட்டையும், ஒரு பெண்ணுக்கோ சட்டப்படியான தகுதிக் குறைவு உள்ளவருக்கோ தர வேண்டிய மொத்தத் தொகையையும் முதலாளி நேராகக் கையில் கொடுக்கக் கூடாது, ஆணையரிடம்தான் கட்ட வேண்டும் என்கிறது அது. தகுதிக் குறைவு உள்ளவர் என்றால் சிறுவர், மனநிலை பிறழ்ந்தவர். அவர்களோடு ஒரே மூச்சில் வயது வந்த பெண்ணும் சேர்க்கப்பட்டார். அவருக்கு வர வேண்டிய பணத்தை முதலீடு செய்வதா, எப்படிச் செலவழிப்பது என்றெல்லாம் ஆணையரே உத்தரவிடலாம்.

இதில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. பிணம் வீட்டில் கிடக்கும்போதே வந்து, ஈமச்செலவுக்கு என்று கொஞ்சம் பணம் வைத்துவிட்டு, வெற்றுத்தாளில் கைநாட்டு வாங்கிப்போகும் முதலாளிகளும் அவர்களுடைய தரகர்களும் நாம் அறியாதவர்கள் அல்லர். அப்படி வாங்கிய கைநாட்டு இந்தப் பிரிவின் முன்னால் செல்லாது. ஆனால் பாதுகாப்பு தேவைப்பட்டது பெண்ணாகப் பிறந்ததாலா, எழுதப் படிக்க விடப்படாததாலா? சட்டம் முதலாவதையே காரணமாக எடுத்துக்கொண்டது. இரண்டாவதற்கான வேலை புதுக்கோட்டையில் 1991இல் அறிவொளி இயக்கமாக வந்தது. அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். பெண்கள் கையெழுத்துப் போடவும் சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொண்டார்கள். கல் குவாரிகளைக் குழுவாகக் குத்தகை எடுத்தார்கள். தானே சைக்கிள் மிதித்துப் போய் எஃப்.ஐ.ஆர். நகல் கேட்கக்கூடிய ஒருவரை 1923இன் சட்டம் கற்பனைகூடச் செய்திருக்காது.

அதே ஆண்டுகளில் சட்டத்திலும் ஒரு கதவு திறந்தது. அதுவரை பொதுவாக விபத்து எந்த ஊரில் நடந்ததோ அங்கேதான் வழக்கு. வட மாநிலத்தில் எங்கோ லாரி கவிழ்ந்தால், கந்தர்வகோட்டையில் இருப்பவர் அங்கே போய் அலைய வேண்டும். 1994இல் மோட்டார் வாகனச் சட்டமும் 1995இல் இழப்பீட்டுச் சட்டமும் திருத்தப்பட்டு, மனுதாரர் குடியிருக்கும் இடத்திலேயே மனுச் செய்யலாம் என்றானது. மேல்முறையீட்டுக்குச் சென்னைவரை போக வேண்டிய நிலையும் 2004 ஜூலையில் மதுரைக் கிளை வந்தபின் மாறியது. பேருந்துக் கட்டணத்தை எண்ணிப் பார்த்துப் புறப்படுகிற குடும்பங்களுக்கு இவை பெரிய மாற்றங்கள்.

இனி, உயிர் பிழைத்தவர் வீட்டுக்கு வருவோம். அடிபட்ட டிரைவருக்கு முன்னால் இரண்டு பாதைகள் உண்டு. ஒன்று மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம், மற்றது தொழிலாளர் இழப்பீட்டு ஆணையர். 167ஆவது பிரிவின்படி ஏதாவது ஒன்றில்தான் போகலாம். தீர்ப்பாயத்தில் எதிராளியின் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டும். மரத்தில் மோதியவருக்கோ, கண்ணயர்ந்து பாலத்தில் இடித்தவருக்கோ எதிராளி யார்? தவறு தன்னுடையதே என்றானால் 166ஆவது பிரிவு உதவாது. இழப்பீட்டுச் சட்டம் யார் தவறு என்று கேட்பதில்லை. வேலையின்போது, வேலையால் நேர்ந்தது என்றால் போதும். குடித்திருந்தார், விதியை மீறினார் போன்ற முதலாளியின் வாதங்கள்கூட மரணத்திலும் நிரந்தர முழு ஊனத்திலும் எடுபடா. அதனால் தனியாக விபத்துக்குள்ளான டிரைவர்களுக்குப் பெரும்பாலும் இதுவே வழி. சொந்த லாரியைத் தானே ஓட்டியவருக்கு இதுவும் கிடையாது, ஏனென்றால் அவருக்கு முதலாளி இல்லை. பாலிசியில் சேர்ந்துள்ள தனிநபர் விபத்துக் காப்பீடு மட்டுமே அவருக்கு உண்டு. அதன் தொகை 2018இல்தான் 15 லட்சமாக உயர்ந்தது.

இழப்பீட்டுச் சட்டத்தின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். டிரைவருக்கு வயது 35, இனி எந்த வேலையும் செய்ய முடியாது. மாதச் சம்பளத்தில் 60 சதவீதத்தை 197.06ஆல் பெருக்க வேண்டும். படியெல்லாம் சேர்த்து அவர் எவ்வளவு வாங்கியிருந்தாலும், 2020 ஜனவரியிலிருந்து 15,000 ரூபாய்க்கு மேல் கணக்கில் வராது. ஆகவே 17,73,540 ரூபாய். 2010 மே மாதத்துக்கு முன்னால் உச்சவரம்பு 4,000தான். அப்போது இதே உடம்புக்கு 4,72,944 ரூபாய். அவர் இறந்திருந்தால் 60க்குப் பதில் 50 சதவீதம், அதாவது இன்றைய வரம்பில் 14,77,950 ரூபாய். இரண்டுக்கும் வித்தியாசம் 2,95,590. உயிரோடு இருக்கும் மனிதர் சாப்பிட வேண்டும், அவருக்கு டயபர் மாற்ற வேண்டும், யாராவது கூடவே இருக்க வேண்டும் என்பதற்கெல்லாம் சேர்த்துச் சட்டம் கூடுதலாக எடுத்துவைத்தது அவ்வளவுதான். 2009 திருத்தம் மருத்துவச் செலவைத் தனியாகத் தரச் சொன்னது. பராமரிப்பவருக்கு என்று ஒரு தலைப்புகூட அந்தச் சட்டத்தில் இல்லை.

தீர்ப்பாயத்தில் அந்தத் தலைப்பு உண்டு. உதவியாளர் செலவு என்று வெகுகாலம் சில ஆயிரங்களை மொத்தமாக எழுதி முடித்தார்கள். 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், விபத்தில் முழுவதும் முடங்கிய ஒரு சிறுமியின் வழக்கில், இரண்டு உதவியாளருக்கு மாதம் பத்தாயிரம் என்று வைத்து ஆண்டுக்கணக்கில் பெருக்கி 21,60,000 ரூபாய் கொடுத்தது. பராமரிப்பு வாழ்நாள் முழுக்க நீளும் வேலை என்று அந்தப் பெருக்கல் ஒப்புக்கொள்கிறது. கண்ணயர்ந்து பாலத்தில் இடித்த டிரைவரின் மனைவிக்கு இந்தப் பெருக்கல் எட்டாது. அவர் குடும்பம் நிற்பது மற்றப் பாதையில்.

பெண்ணின் வீட்டு வேலைக்கு நீதிமன்றங்கள் விலையே போட்டதில்லை என்பதல்ல. மோட்டார் வாகனச் சட்டத்தில் 1994இல் சேர்ந்த இரண்டாம் அட்டவணை, சம்பாதிக்காத மனைவியின் வருமானத்தைக் கணவர் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு என்றது. 2001இல் ஜாம்ஷெட்பூர் தீ விபத்து வழக்கில் உச்ச நீதிமன்றம் இல்லத்தரசியின் சேவைக்கு மாதம் 3,000 ரூபாய் என்றது. 2009இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி பிரபா ஸ்ரீதேவன் இதை விரிவாக எழுதினார். 2021 ஜனவரித் தீர்ப்பு, பெண்கள் சம்பளமில்லாத வீட்டு வேலையில் நாளுக்கு 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிடுவதாகச் சொல்லும் 2019 கணக்கெடுப்பை மேற்கோள் காட்டியது. நல்ல தீர்ப்புகள்தாம். ஆனால் இந்த விலையெல்லாம் அந்தப் பெண்கள் செத்த பிறகு போடப்பட்டது. அவர் உயிரோடு இருந்து, அதே வேலையை இரண்டு மடங்காகச் செய்தால் எண் கிடையாது.

இந்தப் பார்வையின் வேர் ஆங்கிலச் சட்டத்தில் இருக்கிறது. அங்கே மனைவி காயப்பட்டால் அவளுடைய சேவையும் துணையும் போனதற்காகக் கணவன் வழக்குப் போடலாம். வேலைக்காரனை இழந்த எஜமானுக்கு இருந்த உரிமையோடு பிறந்தது அது. 1952இல், தொழிற்சாலை விபத்தில் சிதைந்த ஒருவரின் மனைவி அதே உரிமையைக் கேட்டார். பிரபுக்கள் சபை மறுத்தது. கணவனுக்கு உள்ளதே பழங்காலத்து விதிவிலக்கு, அதை நீட்டிக்க முடியாது என்றார்கள். கணவனின் உரிமையை 1982இல் ஒழித்துச் சமன் செய்தார்கள், மனைவிக்குக் கொடுத்து அல்ல. நம் நாட்டில் வாழ்க்கைத் துணையின் இழப்புக்கு 40,000 ரூபாய் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் நிர்ணயித்தது, மரண வழக்குகளுக்கு.

1923 சட்டத்தை 2020இன் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு உள்வாங்கியிருக்கிறது. பழைய விபத்துகளின் வழக்குகளில் பழைய பிரிவுகளையே இன்னும் புரட்டிக்கொண்டிருக்கிறோம். இழப்பீட்டு மனுவுக்கு அந்தச் சட்டம் தந்தது இரண்டு ஆண்டு. தீர்ப்பாயத்துக்கு 1994இல் நீக்கப்பட்ட ஆறு மாதக் கெடு 2022 ஏப்ரலில் திரும்ப வந்துவிட்டது. முதுகெலும்பு உடைந்தவரின் வீட்டில் அந்த ஆறு மாதமும் ஆஸ்பத்திரியிலேயே போய்விடும். எஃப்.ஐ.ஆர்., டிஸ்சார்ஜ் சம்மரி, மெடிக்கல் போர்டு சான்று எல்லாவற்றுக்கும் அலைவது அவர்தான். வழக்கு விசாரணைக்கு வரும்போது, வக்கீல் அழைத்தால், சாட்சியாகக் கூண்டேறுவார். கணவர் என்ன சம்பளம் வாங்கினார், படி எவ்வளவு என்று அவரிடம் கேட்பார்கள்.