அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம் ஒரு பிரீமியம், இந்தப் பக்கம் ஒரு பிரீமியம்!

ஓசூரில் பதிவான காருக்கு டிஎன் 70. எலக்ட்ரானிக் சிட்டி ஆர்டிஓவில் பதிவானால் கேஏ 51. காலையில் அத்திப்பள்ளி டோல்கேட்டில் இரண்டும் ஒரே வரிசையில்தான் நிற்கின்றன. ஒரே மாடல், ஒரே வருடம், ஒரே மதிப்பு. ஆனால் இன்சூரன்ஸ் கணக்கு மட்டும் வேறு!

காரணம், 2002 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த இந்திய மோட்டார் டாரிஃப். கார், பைக்குகளுக்கு அது நாட்டை இரண்டு ஸோன்களாகப் பிரித்தது. சென்னை, பெங்களூர் உட்பட எட்டு பெருநகரங்கள் 'ஏ'. மற்ற எல்லா ஊரும் 'பி'. 1000 சிசி வரையிலான புது காருக்கு ஏ ஸோனில் மதிப்பில் 3.127 சதவீதம், பி ஸோனில் 3.039. நான்கு லட்ச ரூபாய் காருக்குப் போட்டுப் பாருங்கள்: 12,508 ரூபாய், 12,156 ரூபாய். வித்தியாசம் 352 ரூபாய்தான். ஆனால் வண்டி தினமும் எங்கே ஓடுகிறது என்று டாரிஃப் கேட்கவில்லை, எங்கே பதிவானது என்று மட்டும்தான் கேட்டது. ஓசூரில் பதிவு செய்து தினமும் பெங்களூர் டிராபிக்கில் இடிபடும் காருக்கும் பி ஸோன் ரேட்தான்!

இந்த ரேட்டை நிர்ணயித்தது எந்தக் கம்பெனியும் இல்லை. 1968-ல் இன்சூரன்ஸ் சட்டத்தைத் திருத்தி அமைத்த டாரிஃப் ஆலோசனைக் குழுதான். 1973-ல் பொதுக்காப்பீடு தேசியமயமாகி நான்கு அரசு கம்பெனிகளாக ஆனது; அந்த நான்கிலும் விலை ஒன்றுதான். 2000-க்குப் பிறகு தனியார் வந்தார்கள், அப்போதும் அதே ரேட் கார்டு. போட்டி என்பது பேச்சில்தான் இருந்தது.

2007 ஜனவரி 1-ல் கட்டு அவிழ்ந்தது. சொந்த வண்டி சேதத்துக்கான பிரீமியத்தைக் கம்பெனிகளே முடிவு செய்யலாம் என்றானது. எதிராளிக்கு ஏற்படும் சேதத்துக்கான தேர்ட் பார்ட்டி பிரீமியத்தை மட்டும் விடவில்லை. அதில்தான் சிக்கலே. தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் 1946-லிருந்து கட்டாயம். உயிரிழப்புக்குக் கோர்ட் எவ்வளவு இழப்பீடு சொன்னாலும் கட்ட வேண்டும், உச்சவரம்பு கிடையாது. வரும் பணத்துக்கு வரம்பு, போகும் பணத்துக்கு வரம்பில்லை என்றால் எந்த வியாபாரி சரக்கு விற்பான்? கம்பெனிகள் லாரி என்றாலே நழுவின. ஓசூரில் லேலண்ட் தொழிற்சாலை, கிருஷ்ணகிரியில் ஐந்து திசையிலிருந்தும் வந்து சேரும் சாலைகள் என்று லாரியை நம்பியே இருக்கும் வட்டாரத்துக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அதற்கு மருந்தாக 2007 ஏப்ரலில் 'பூல்' வந்தது. வணிக வாகனங்களின் தேர்ட் பார்ட்டி நஷ்டத்தை எல்லா கம்பெனிகளும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். நஷ்டம் எல்லோருக்கும் பொது என்றதும் க்ளெய்மைச் சரிபார்க்கும் அக்கறை யாருக்கும் இல்லாமல் போயிற்று! நஷ்டம் ஏறிக்கொண்டே போக, 2012 மார்ச்சோடு அந்தப் பூலை மூடினார்கள். அதற்கு முன்பே 2011-ல், க்ளெய்ம் எண்ணிக்கை, சராசரித் தொகை, விலைவாசி ஆகியவற்றை வைத்து ஆண்டுதோறும் ரேட்டைத் திருத்தும் முறையை ஐஆர்டிஏ கொண்டுவந்தது.

ஆக, நம் வண்டியில் ஒரு கீறல்கூட இல்லாவிட்டாலும் தேர்ட் பார்ட்டி பிரீமியம் ஏறலாம். அது நாடு முழுவதற்குமான கணக்கு. இங்கே ஏ, பி என்ற பேச்சே இல்லை. சொந்த சேதப் பகுதி அப்படியல்ல. வண்டி பழசாக ஆக அதன் மதிப்பு குறையும், க்ளெய்ம் வாங்காத வருடங்களுக்கு 20 சதவீதத்தில் தொடங்கி 50 வரை தள்ளுபடி ஏறும். ஒரே ஒரு க்ளெய்ம் வாங்கினால் பொதுவாக அந்தத் தள்ளுபடி போச்சு. சின்ன டென்ட்டுக்குக் கைக்காசு போட்டுவிடலாமா என்று பலர் கணக்குப் போடுவது இதனால்தான்.

2018 செப்டம்பரிலிருந்து புது பைக்குக்கு ஐந்து வருட, புது காருக்கு மூன்று வருட தேர்ட் பார்ட்டி பிரீமியத்தை மொத்தமாகக் கட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்ற உத்தரவால் வந்தது. ரேட் ஏறினாலும் அதுவரை அந்த வண்டிக்குக் கவலையில்லை. 2022 ஜூன் 1-ல் வந்த பட்டியலை மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்டது. 40 டன்னுக்கு மேற்பட்ட லாரிக்கு 44,242 ரூபாய், 75 முதல் 150 சிசி வரையிலான பைக்குக்கு 714 ரூபாய். எலக்ட்ரிக் வண்டிக்கு 15 சதவீதம் தள்ளுபடி. ஓசூரிலும் போச்சம்பள்ளி பக்கமும் தயாராகும் பேட்டரி ஸ்கூட்டர்களுக்கும் இது பொருந்தும். 714 ரூபாய் பைக்குக்கு இணையான எலக்ட்ரிக் வகைக்கு 607 ரூபாய்!