சில்லெழுத்தும் தேடற்பெட்டியும்

கொச்சி பிராட்வேயின் கடைப்பலகைகளில் 'ஸ்டோர்' என்னும் சொல் மலையாளத்தில் சில்லெழுத்தில் முடிகிறது. உயிரின்றி ஒலிக்கும் மெய்யின் தனிவடிவம் அது. பலகையில் அதற்கு உரு ஒன்று, கணினியில் இரண்டு. யூனிகோட் 5.1 வெளிவந்த 2008 வரை மெய், சந்திரக்கலை, சுழியகல இணைப்பி என்னும் மூன்று குறியீடுகளின் தொடராக அது எழுதப்பட்டது. பின்னர் தனிக்குறியீடு கிடைத்தது. இவ்விரண்டையும் யூனிகோடின் இயல்பாக்க விதி நிகராகக் கொள்வதில்லை.

தமிழில் 'கொ' என்பதையும் இருவகையில் குறியேற்றலாம்: ஒகரக்குறி ஒன்றாக, அல்லது கொம்பும் காலும் தனித்தனியாக. ஆனால் இயல்பாக்கம் அவற்றை ஒன்றாக்கிவிடும்.

மென்பொருளை மறுபயன்பாட்டுக் கூறுகளாக ஆக்க வேண்டும் என 1968இல் கார்மிஷ் மாநாட்டில் டக்ளஸ் மெக்கில்ராய் வாதிட்டார். 2013இல் பொதுவெளிக்கு வந்த ரியாக்ட், இணையச் செயலிகளில் அம்முறையைப் பரவலாக்கியது. இன்று ஒரு தேடற்பெட்டியை ஒருமுறை எழுதிப் பல தளங்களில் பொருத்துகிறோம். அதைத் திருத்தும்தோறும் தானியங்குச் சோதனைகள் ஓடுகின்றன.

இயல்பாக்கத்தை மட்டும் நம்பும் பெட்டி, தமிழ்ச் சொற்களைக் கொண்ட சோதனையில் தேறிவிடும். அதையே மலையாள ஆவணக்காப்பகத்தில் பொருத்தினால், பழைய குறியேற்றத்தில் உள்ள உரைகள் இருந்தும் இல்லாதவை ஆகும். பிழைச்செய்தி எதுவும் வராது. ஆய்வாளர் 'சான்று இல்லை' என்று எழுதிவிடுவார்.

ஆகவே, இரு குறியேற்றங்களும் சோதனையில் தனித்தனி உள்ளீடாக இடம்பெற வேண்டும்; ஒன்றைத் தேடினால் மற்றதும் கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த உள்ளீடுகளைத் தேர்ந்தளிப்பது எழுத்து வரலாறு பயின்ற நம் கடமையும் ஆகும்.