ஆஸ்ப்ரோ மாத்திரையும் மிதுன ராசிக்காரர்களும்

ஆபீஸில் ஆணி கொஞ்சம் அதிகம். அதான் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து ரொம்ப நாளாச்சு. இன்னிக்கு ஒரு மாத்திரையோட வரலாறு. அதுக்கு முன்னாடி கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன்.

போன வருஷம் அப்பாவுக்கு ஹார்ட் அட்டாக். டூட்டி டாக்டர் ஈசிஜியைப் பார்த்தார், உடனே நாலைந்து மாத்திரைகளைக் கையில் கொடுத்து "நல்லா மென்னு முழுங்குங்க" என்றார். அதில் ஒன்று ஆஸ்பிரின். ஒரு காலத்தில் தலைவலிக்கு வீட்டுக்கு வீடு வைத்திருந்த ஆஸ்ப்ரோவில் இருந்த அதே சரக்கு! அப்புறம் ஆஞ்சியோ, ஸ்டென்ட் எல்லாம் ஆகி, இப்போ அப்பா தினமும் வாக்கிங் போகிறார்.

தாத்தாவுக்கு 1984-ல் இதே நெஞ்சுவலி. அசையாமல் படுக்கச் சொன்னார்கள். "திரும்பிப் படுக்கக்கூட விடலய்யா" என்று ஆச்சி இன்னிக்கும் சொல்லுவாள். மூணாம் நாள் போய்விட்டார்.

இந்த ரெண்டு நெஞ்சுவலிக்கும் நடுவில் என்னதான் நடந்தது என்று தேட ஆரம்பித்தேன்.

1912 வரைக்கும், இதய ரத்தக்குழாய் திடீரென்று அடைத்தால் ஆள் உடனே காலி என்றுதான் பெரும்பாலான டாக்டர்கள் நம்பினார்கள். சிகாகோவைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹெரிக், "இல்லை, பிழைக்கிறவர்களும் உண்டு" என்று அந்த வருஷம் எழுதினார். அவர் சொன்ன வைத்தியம் படுக்கையில் முழு ஓய்வு. போகப் போக அதுவே வாரக்கணக்கில் அசையக்கூடாது என்கிற சட்டமாகிவிட்டது. அப்படியே கிடந்ததில் காலில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலில் போய் அடைத்து இறந்தவர்களும் உண்டு. 1952-ல் பாஸ்டனில் சாமுவேல் லெவினும் பெர்னார்ட் லௌனும் நோயாளிகளைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தபோது கிளம்பிய எதிர்ப்பு கொஞ்சநஞ்சமல்ல.

அடுத்து 1962. கான்சஸ் சிட்டியில் ஹியூஸ் டே, மானிட்டரும் ஷாக் கொடுக்கும் கருவியும் வைத்து இதய நோயாளிகளுக்கென்றே தனி வார்டு திறந்தார். துடிப்பு தாறுமாறாகி இறப்பது குறைய ஆரம்பித்தது. ஆனால் அடைப்பு? அது பாட்டுக்கு அங்கேயே இருந்தது. நம்ம பாஷையில் சொன்னால், சர்வர் விழும்போதெல்லாம் ரீஸ்டார்ட் பண்ணிக்கொண்டே, பக்கை அப்படியே விட்டு வைத்த கதை.

பக் எங்கே என்று 1980-ல்தான் அடித்துச் சொன்னார்கள். அமெரிக்காவில் டிவுட் குழுவினர், வலி வந்து 4 மணி நேரத்துக்குள் வந்த 126 பேருக்கு ஆஞ்சியோ எடுத்துப் பார்த்தார்கள். 110 பேருக்கு ரத்தக்குழாய் முழுசாக அடைத்திருந்தது.

சரி, ஆஸ்பிரின் எப்போ வந்தது? பேயர் கம்பெனி அதை விற்க ஆரம்பித்தது 1899-ல்! கலிஃபோர்னியாவில் லாரன்ஸ் கிரேவன் என்ற சாதாரண குடும்ப டாக்டர், டான்சில் ஆபரேஷன் ஆனவர்கள் ஆஸ்பிரின் கலந்த சூயிங்கம் மென்றால் ரத்தம் நிற்காமல் கசிவதைக் கவனித்தார். ரத்தம் உறைவதை இது தடுக்கிறது என்றால் ஹார்ட் அட்டாக்கையும் தடுக்குமே என்று யோசித்தார். சுமார் 8000 பேருக்குக் கொடுத்து, ஒருவருக்கும் அட்டாக் வரவில்லை என்று 1956-ல் எழுதினார். யாரும் கண்டுகொள்ளவில்லை. காரணம், மாத்திரை சாப்பிடாத இன்னொரு கூட்டத்தை வைத்து அவர் ஒப்பிட்டுப் பார்க்கவே இல்லை. அடுத்த வருஷம் அவரே மாரடைப்பில் இறந்து போனார்.

அந்த ஒப்பீட்டைப் பெரிய அளவில் செய்து காட்டியது, ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து நடத்திய ஐசிஸ்-2 ஆய்வு. (பேரைப் பார்த்து பயப்படாதீங்க :-)) 16 நாடுகள், 417 ஆஸ்பத்திரிகள், 17,187 நோயாளிகள். குலுக்கல் முறையில் நாலு கூட்டம்: ஒன்றுக்கு ஒரு மாதம் ஆஸ்பிரின், ஒன்றுக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஊசி, ஒன்றுக்கு ரெண்டும், ஒன்றுக்கு ரெண்டுமே டம்மி. பெரிய சைஸ் ஏ/பி டெஸ்ட் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

1988-ல் முடிவு வந்தது. 5 வாரத்தில் இதய, ரத்தக்குழாய் கோளாறால் இறந்தவர்கள், டம்மிக் கூட்டத்தில் 13.2 சதவீதம். ரெண்டும் வாங்கியவர்களில் 8 சதவீதம். ஆயிரம் பேருக்கு 52 உயிர்!

இதில் ஒரு கூத்தும் உண்டு. வயசு வாரியாக, நோய் வாரியாகப் பிரித்துக் காட்டச் சொல்லிப் பத்திரிகை கேட்டது. அப்படிக் கூறு போட்டால் தப்பான முடிவுதான் வரும் என்று காட்ட, ஆய்வாளர்கள் ராசி வாரியாகவும் பிரித்துப் போட்டார்கள். மிதுனம், துலாம் ராசிக்காரர்களுக்கு ஆஸ்பிரின் வேலை செய்யவில்லை என்று வந்தது! (இது பிறந்த தேதியை வைத்துப் பார்க்கும் மேல்நாட்டு ராசி. நம்ம நட்சத்திரக் கணக்கோடு குழப்பிக்காதீங்க.)

எனக்கு இதைவிடப் பெரிய விஷயம் 1998-ல் வந்த தொடர் ஆய்வு. இந்த ஆய்வில் சேர்ந்த பிரிட்டன் நோயாளிகளைப் பத்து வருஷம் வரை கவனித்தார்கள். முதல் மாதத்தில் கிடைத்த லாபம் பத்து வருஷம் கழித்தும் கரையவில்லை. அன்றைக்குத் தப்பியவர்கள் அடுத்த வருஷமே போய்விடவில்லை. பேரன் பேத்தி பார்க்கிற அளவுக்கு இருந்திருக்கிறார்கள்.

தாத்தா போன நாலு வருஷம் கழித்துத்தான் அந்த முடிவே வந்தது. அவர் அந்த 52 பேரில் ஒருவராக இருந்திருப்பாரா? யாராலும் சொல்ல முடியாது. ஆனால் ஆச்சியின் தகர டப்பாவில் அன்றைக்கும் ஆஸ்ப்ரோ இருந்தது. தலைவலிக்காக எப்பவும் வைத்திருப்பாளாம்.

அப்பா வீடு திரும்பிய அன்று ஆச்சி கேட்டாள், "அப்படி என்ன மாத்திரைய்யா குடுத்தாவ?"

"ரத்தம் உறையாம இருக்க ஒரு மாத்திரை ஆச்சி" என்று மட்டும் சொன்னேன். பேரைச் சொல்லவில்லை.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, பொட்டி தட்டுறவன். நெஞ்சு வலித்தால் "கேஸ் டிரபிள்" என்று சோடா குடித்துக்கொண்டு உட்காராமல் 108-ஐக் கூப்பிடுங்க. நல்லா இருக்கிறவங்க டாக்டரைக் கேட்காமல் தினம் ஆஸ்பிரின் போட வேண்டாம், வயிற்றில் ரத்தக்கசிவு வரலாம். மிதுனம், துலாம் உட்பட எல்லா ராசிக்கும் இது பொருந்தும்.